சாமிக்குக் காட்டாத கியர் பாக்ஸ்

அய்யா, எஞ்சினை அணைத்துவிட்டு இதைப் படி. நான் வாயெடுத்தாலே நீ வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிடுகிறாய். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது உன் காதில் விழவில்லை என்று நீயும், விழாமல் போயிற்று என்று நானும் நடித்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கண்ணில் புரை எடுத்த இடம் ஆறிவிட்டது, எழுதலாம் படிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். கண்ணை மறுபடி காட்ட வந்து, அருப்புக்கோட்டையில் உன் அக்கா வீட்டு நடையில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அக்கா இதைப் படித்துப் பார்க்காமல் உன் கையில் தரமாட்டாள், அவள் புத்தி எனக்குத் தெரியும். படிக்கட்டும். உன் பெரியப்பாவும் படிக்கட்டும். ஊரே படித்தாலும் எனக்கொன்றும் இல்லை. வருகிற சிவராத்திரிக்கு அந்த மினி டிராக்டரில் டிரெய்லரை மாட்டி, சொந்தபந்தத்தை ஏற்றிக்கொண்டு, கண்மாய்க்கரை வழியாகக் குலசாமி கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். போகக் கூடாது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், உன்னிடம் அது குறைவு.

நிலம் என் பெயரில் இருப்பதால் வண்டியும் என் பெயரில் வந்தது. வண்டி என் பெயரில் வந்ததால் சோரூமில் என் போன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு நீ மாலை போட்ட வண்டியின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய். சர்வீஸ் தம்பி வந்து, ‘ஓனர் யாரு?’ என்று கேட்டான். நான் என்றதும், கழுத்தில் தொங்கவிட்ட அட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு என்னிடமே எல்லாவற்றையும் ஒப்பித்தான். புது கியர் பாக்ஸில் பல் சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசி உரசித்தான் பழகும். பழகும்போது இரும்புப் பொடி உதிரும். அந்தப் பொடி எண்ணெயில்தான் மிதக்கும். அதனால் முதல் ஐம்பது மணி நேரம் லேசான வேலைதான் கொடுக்க வேண்டும், கனமாக எதையும் இழுக்கக் கூடாது, கிளச்சில் காலை வைத்தபடியே ஓட்டக் கூடாது, நாள் முழுக்க ஒரே கியரில் ஒரே வேகத்தில் போகக் கூடாது. ஐம்பது மணி முடிந்ததும் அந்த எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் வடித்து, உள்ளே இருக்கும் சல்லடையைக் கழுவி, புது எண்ணெய் ஊற்ற வேண்டும். இன்னொன்றும் சொன்னான். இந்த வண்டியில் கியருக்கும் அதே எண்ணெய்தான், கலப்பையைத் தூக்குவதும் அதே எண்ணெய்தான், பிரேக் தகடு ஊறிக்கிடப்பதும் அதே எண்ணெயில்தானாம். மற்றதெல்லாம் பாதி மறந்துபோனாலும் இந்தக் கடைசிப் பேச்சு மட்டும் என் மனதில் ஒட்டிக்கொண்டது. பிரேக் என்று யார் சொன்னாலும் எனக்கு ஒட்டிக்கொள்ளும், காரணம் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் பெரியப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாய். பெரியம்மா ஆரத்தி எடுத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கி முடித்த கையோடு பெரியப்பா மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து உன் கையில் கொடுத்தார். நீ அதை ஸ்டியரிங்கில் கட்டிக்கொண்டே, குலசாமி இருக்கும் திக்கைப் பார்த்து, மாசியில் சாமி கண்ணில் காட்டும் வரை இந்த வண்டியில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாய். நம் பங்காளிகளில் புது வண்டி வாங்கியவர்கள், உன் அப்பாவைத் தவிர, எல்லாரும் முன்பு செய்ததுதான். சைக்கிள் வாங்கினாலும் அப்படித்தான், தண்ணீர் மோட்டார் வாங்கினாலும் அப்படித்தான். சைக்கிளுக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. நான் அப்போதே, ‘ஆடியில வாங்கிட்டு மாசி வரைக்குமா?’ என்று கேட்டேன். பெரியம்மா காப்பி கொண்டுவந்தார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

புரட்டாசியில் மழை பெய்தது. பல வருஷமாகப் பார்க்காத மழை. நம் கரிசல் நிலத்தில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும், எல்லாருக்கும் உன் நம்பர் தெரியும். காலையில் கம்மஞ்சோறு கரைத்துக் குடித்துவிட்டுப் போனால் இருட்டித்தான் வருவாய். உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில்தான் சர்வீஸ் தம்பி போன் பண்ணினான். ‘அம்பது மணி ஓடியிருக்குமேம்மா, எண்ண மாத்திருவமா?’ என்றான். வண்டி வெளியூர் போயிருக்கிறது என்றேன். அடுத்த தடவை கூப்பிட்டபோது மகனுக்குக் காய்ச்சல் என்றேன். உனக்காக நான் சொன்ன பொய்களில் அவன் ஒன்றையும் நம்பவில்லை, ஆனால் மரியாதை உள்ள பையன், ‘சரிம்மா, ரொம்பத் தள்ளிப் போடாதீங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். உழவு முடிந்ததும் வண்டிக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். நீயோ குமாரலிங்கபுரம் பக்கம் கருவேலங்காடு அழிக்கிறார்கள் என்று சங்கிலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குவது பெரிய டிராக்டருக்கே திணறலான வேலை. தோட்டத்தில் பாத்திக்கு நடுவே ஓட்டுவதற்கென்று செய்த சின்ன வண்டி அது. அதுவும் உள்ளே பழைய எண்ணெயோடு.

இங்கே அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓடுகிறது. முதல் நாள் தலையே வெடித்துவிடும் போல இருந்தது. மறுநாளிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனேன். ஏனென்றால் அது மாறாத சத்தம். உன் வண்டிச் சத்தமும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. எந்தக் காட்டில் ஓட்டினாலும் அது நீதான் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடுவேன். கார்த்திகை வாக்கில் அதற்குள் இன்னொரு சத்தம் புகுந்தது. கொசு காதோரம் வந்து போவது மாதிரி மெல்லிசாக ஒரு ஊளை. ஏற்றத்தில் இருக்காது, இறக்கத்தில் இருக்கும். தை பிறந்தபோது சமதரையிலும் வந்துவிட்டது. கலப்பையைத் தூக்கும்போது நேராக எழும்பாமல் திக்கித் திக்கி எழும்பியது. உனக்குக் கேட்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, புது வண்டி அப்படித்தான் இருக்கும் என்றாய். புது வண்டி புதிதாக இருந்தபோது அப்படி இல்லையே அய்யா. பழசாகும்போதுதானே அப்படி ஆகியிருக்கிறது.

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து ஊருக்கு வந்தேன் அல்லவா, அன்றைக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. செல்வியின் முகத்தில் மூக்குத்தியின் கல் என்ன நிறம் என்றே அன்றுதான் பார்த்தேன். கல்யாணத்தன்று எனக்கு அது வெறும் மினுக்கமாகத்தான் தெரிந்தது. உன் பெண்டாட்டி அழகி அய்யா, நீ கொடுத்துவைத்தவன். பிறகு கொட்டகைப் பக்கம் போனேன். கியர் கம்பியில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டி, அதன் மறுமுனையை சீட்டுக்குக் கீழே இழுத்து முடிச்சுப் போட்டிருந்தாய். அது எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாக விட்டுப்போகிறது. கையால் பிடித்துப் பிடித்து உனக்குச் சலித்துவிட்டது, அதனால் டியூப்பைக் கட்டிவிட்டாய். சாமிக்கு முன் ஒரு நட்டைத் திருகமாட்டேன் என்ற பிள்ளை, நட்டைத் தொடாமல் அதைவிடப் பெரிய காரியத்தைச் செய்திருக்கிறாய்.

அங்கேயே நின்று இன்னொன்றும் செய்தேன். கோபப்படுவாய், பட்டுக்கொள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைத் திருகி எடுத்தேன். அதற்கு ஸ்பேனர் வேண்டாம், விரலாலேயே வருகிறது. கம்பி நுனியில் தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் சாம்பல் பூத்திருந்தது. வெயிலில் பிடித்தேன். ஜிகினா தூவியது மாதிரி மின்னியது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன், வழுக்கவில்லை, நறநறத்தது. உன் வண்டியின் பல்லெல்லாம் பொடியாகி என் விரலில் இருந்தது. அதே எண்ணெயில்தான் பிரேக் தகடும் கிடக்கிறது என்று மறுபடியும் நினைவு வந்தது. சீயக்காய் போட்டு இருமுறை கழுவியும் சாயந்தரம் வரை விரலில் அந்த மினுக்கம் போகவில்லை.

அன்றைக்கு நீ சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். எஞ்சின் பக்கத்தில் இல்லை, உன்னால் எழுந்து ஓடவும் முடியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

“சாமி பாக்காம நட்டக் கழட்ட மாட்டேம்மா. அப்பாவுக்கு ஆனது போதும்.”

அதற்கு மேல் என்னால் உன்னைத் திட்ட முடியவில்லை. நீ பொறுப்பில்லாதவன் என்றால் நாலு ஏச்சு ஏசிச் சரிக்கட்டிவிடுவேன். நீ பயந்தவன். பயந்தவனை என்ன சொல்லி ஏசுவது?

உன் அப்பா பேச்சை எடுத்துவிட்டாய், நானும் எடுக்கிறேன். அவர் லோடு ஆட்டோ வாங்கியபோது உன்னைப் போல் துணி முடிந்து வேண்டிக்கொள்ளவும் இல்லை, மாசி வரை காத்திருக்கவும் இல்லை. வெங்காய சீசன், சவாரி வந்தது, போனார். அந்த வருஷம் பந்தல்குடி தாண்டி தூத்துக்குடி ரோட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் இடித்தார். எழவு வீட்டில் உன் பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு, ‘சாமிக்கு நேராம, காட்டாம சவாரி எடுத்தானே’ என்று அழுதார். தம்பியை இழந்தவர், ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே அழ வேண்டும். அதை ஊர் பிடித்துக்கொண்டது, அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த நீயும் பிடித்துக்கொண்டாய். அப்படி இல்லை என்று நான் அன்றே சொன்னேன், ஒப்பாரிச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. இப்போது யாரும் ஒப்பாரி வைக்கவில்லை, கேள். அந்த வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை. அதற்கு முந்தின ஒரு மாதமாகவே நாலு மிதி மிதித்தால்தான் பிடிக்கும். வாசலில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வேலை. போன அன்று காலையிலும் கல்லை எடுத்துவிட்டது நான்தான். என்னைப் பார்த்து, ‘இந்த லோட எறக்கிட்டு மெக்கானிக்குட்ட விட்டுர்றேன்’ என்றார். அவ்வளவுதான். சாமி அதில் எங்கே வந்தது? அந்த மனுஷன் சாமிக்குக் காட்டாததால் சாகவில்லை. மெக்கானிக்கிடம் காட்டாததால் செத்தார்.

உனக்கு அவர் முகம் அப்படியே இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். டியூப் கட்டிய கியர் கம்பியைப் பார்த்த பிறகு அது சந்தோஷமாக இல்லை.

சாமிக்கும் எனக்கும் சண்டை என்று நினைத்துவிடாதே. நானும் அந்தச் சாமிக்குப் பொங்கல் வைத்துத்தான் உன்னைப் பெற்றேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். ஆவணியில் கல்யாணமாகி வந்தவள் செல்வி. அவளையும் மாசியில்தான் சாமிக்குக் காட்டப்போகிறோம். அதுவரை தலைக்குக் குளிக்காதே, கட்டிய சேலையை மாற்றாதே என்று அவளிடம் சொன்னோமா? எண்ணெய் மாற்றுவது வண்டியைக் குளிப்பாட்டுவதுதான். அழுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் சாமிக்கு என்ன மரியாதை?

இதை நம் கோயில் சாமியாடியிடமும் போய்க் கேட்டேன். உனக்குத் தெரியாமல் திருச்சுழி பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அவர் நல்ல மனுஷன், வைக்கோலைப் பிரித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். வேண்டுதலைத் தளர்த்தலாமாம், அதில் குற்றம் இல்லையாம். ஆனால், ‘நேந்தவன் வரணும் தாயி. அவன் வாயால கேட்டாத்தான் துந்நூறு குடுக்க முடியும்’ என்றார். காட்டில்தான் அலைகிறாயே, கோயில் எவ்வளவு தூரம்? போய் நின்று ஒரு வார்த்தை கேட்டுத் திருநீறு வாங்கினால் முடிந்துபோகிற காரியம். நீ வீட்டில் இல்லாத நேரம் பார்த்து சர்வீஸ் தம்பியை வரவழைத்துத் திறந்துவிடலாம் என்றும் யோசித்தேன். வண்டி என் பெயரில்தானே இருக்கிறது, யார் கேட்பது? பிறகு விட்டுவிட்டேன். நாளைக்கு உன் காலில் ஒரு முள் குத்தினாலும், அம்மா திறந்ததால்தான் என்று ஆயுசுக்கும் நினைப்பாய். உன் கையால் கழற்றினால்தான் அந்தப் பயம் உன்னை விடும். அந்தத் தம்பி சிவராத்திரிக்கு முன்னாலேயே, வருகிற புதன்கிழமை காலையில் வருவான், சொல்லிவைத்திருக்கிறேன். சல்லடையில் பொடி மட்டும் இருந்தால் எண்ணெயை மாற்றிவிடலாமாம், சில்லுச் சில்லாக இரும்பு இருந்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டுமாம், ஓட்டவே கூடாதாம். எப்படி இருக்கும் என்று அவனிடம் கேட்டேன். ‘கரைப்பக்கம் மட்டும் போக வேணாம்னு சொல்லுங்கம்மா’ என்றான்.

நீ எந்த வழியாகப் போகப்போகிறாய் என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை. இந்த வருஷம் கண்மாய் பெருகிக் கிடப்பது எல்லாருக்கும் தெரியும், கோயிலுக்குக் கரையை விட்டால் வேறு பாதை இல்லை என்பதும் தெரியும். கரை மேல் ஏறுவதைப் பற்றி நான் பயப்படவில்லை. ஏறும்போது வண்டி இழுத்துக்கொண்டு போகும். நிறைந்த தண்ணீர் வழிந்து ஓடுகிற கலுங்குக்குப் பக்கத்தில் இறங்க வேண்டுமே, அந்த இடம்தான். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பாறாங்கல். டிரெய்லருக்கென்று தனியாகப் பிரேக் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளும் பொங்கல் பானையும் கிடாயும் சேர்ந்து அந்தச் சின்ன வண்டியை முதுகில் கைவைத்துத் தள்ளும். அந்த நேரத்தில் கியர் விட்டது என்றால் வண்டியைப் பிடித்து நிறுத்த இருப்பது பிரேக் ஒன்றுதான். அந்தப் பிரேக் எதில் ஊறிக்கிடக்கிறது என்று என் விரல் சொல்லிவிட்டது. நான் கண்ணை மூடினால் அந்த இறக்கம்தான் வருகிறது. புரை எடுத்த கண்ணுக்கு மூடினாலும் தெளிவாகத்தான் தெரிகிறது.

அதனால் நான் செய்ததை நீயே தெரிந்துகொள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் பண்ணி, டிரெய்லரில் ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். உன் மானத்தை வாங்குகிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். சித்தி கரை வரைக்கும் வேன் பிடித்துவிட்டாள். அக்கா பிள்ளைகளோடு பஸ்ஸில் வருகிறாள். பெரியப்பாகூட, மூட்டுவலி, கரை வரைக்கும் பைக்கில் வந்து நடந்துகொள்கிறேன் என்றார். வேண்டுதலுக்குத் துணி முடிந்து கொடுத்தவர் அவர். இறக்கத்தில் எனக்குக் குலுங்கக் கூடாது என்று உன் பக்கத்தில் சக்கரத்தை மூடுகிற மக்கார்டு மேல் தலையணை போட்டு உட்காரவைப்பதாகச் சொல்லியிருந்தாயாம், செல்வி சொன்னாள். நானும் ஏறமாட்டேன்.

கடைசியாக செல்விக்குப் போன் பண்ணினேன். அவளிடம் எதையும் மறைக்கவில்லை. கியர் விடுவதைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன், உன் அப்பாவைச் சொன்னேன், கலுங்கு இறக்கத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சிரித்தாள். புருஷன் மேல் இருக்கிற நம்பிக்கையில் சிரிக்கிற சிரிப்பு அது, எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவள்தான்.

“அவுக ஓட்டுறப்ப என்ன அத்தே பயம்? நீங்க வரலைன்னா அந்த மக்கார்டுல நான் உக்காந்துக்கிறேன். அவுக பக்கத்துலயே வரலாம்ல” என்றாள்.

போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா